54 வயசு, பார்க்கின்சன்: டவர் பார்க் காலை நடை மட்டும் போதுமா?

அமைந்தகரை_வாசி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு 54 வயசு, பார்க்கின்சன்னு தெரிஞ்சு மூணு வருஷம் ஆகுது. வலது பக்கம்தான் பாதிப்பு. கை வீசி நடக்கிறது நின்னுபோச்சு, தோள்பட்டை இறுகிக் கிடக்கு, கையெழுத்து பொடிப்பொடியா ஆயிடுச்சு. சின்டோபா பிளஸ் காலை 8, மதியம் 2, ராத்திரி 8 மணிக்கு, சாப்பாட்டோட சேர்த்துதான் போடுறார். பிபிக்கு ஒரு மாத்திரை, நடுக்கத்துக்குன்னு பாசிடேன். அரசு அலுவலகத்துல வேலை, ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு.

தினம் விடிகாலை 5.30-க்கு அண்ணா நகர் டவர் பார்க்ல நண்பர்களோட பேசிக்கிட்டே 45 நிமிஷம் நடக்கிறார். டாக்டர் "நல்லா எக்சர்சைஸ் பண்ணுங்க"ன்னு சொன்னதோட சரி. என்ன பண்ணணும், எவ்வளவு பண்ணணும்னு சொல்லல.

இந்த நடை போதுமா? ஜிம்ல வெயிட் தூக்கும்போது கை நடுக்கம் அதிகமாகுது, விட்டுடலாமா? காலையில மாத்திரை போடறதுக்கு முன்னாடி சமையல்கட்டு வாசல்ல ரெண்டு மூணு செகண்ட் கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுது, அதுக்கு என்ன செய்யணும்? கொழுந்தனாருக்கு 46 வயசு. இப்பவே உடற்பயிற்சி பண்ணினா தனக்கு வராம தடுக்கலாமான்னு கேக்கிறார். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிசியோ_முகப்பேர்

மேடம், பேசிக்கிட்டே நடக்கிற நடை போதாது. அதை நிறுத்த வேணாம், நண்பர்களோட பழக்கம் நல்லதுதான். ஆனா அதைப் பயிற்சிக் கணக்குல சேர்க்காதீங்க.

பார்க்கின்சன்ல உடம்பு தானா எடுத்து வைக்கிற அடி கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும், வேகமும் குறையும். அவருக்கு அது தெரியாது, எப்பவும் போலத்தான் நடக்கிறோம்னு தோணும். அதனால "உங்களுக்குச் சௌகரியமான வேகத்துல நடங்க"ங்கற அறிவுரை இவங்களுக்குப் பொருந்தாது. வெளியிலிருந்து ஒரு அளவு வேணும்.

2018-ல ஜாமா நியூராலஜி இதழ்ல ஸ்பார்க்ஸ்னு ஒரு ஆய்வு வந்தது. மாத்திரை இன்னும் ஆரம்பிக்காத 128 பேரை மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழு வாரம் நாலு நாள் டிரெட்மில்ல அதிகபட்ச இதயத்துடிப்புல 80 முதல் 85 சதவீதம் வரைக்கும் போகணும், இன்னொரு குழு 60 முதல் 65 சதவீதம், மூணாவது குழு வழக்கம்போல இருக்கணும். ஆறு மாசம் கழிச்சு இயக்க அறிகுறி மதிப்பெண் எவ்வளவு ஏறுச்சுன்னு பார்த்தாங்க. ஏறினா மோசம்னு அர்த்தம். வழக்கம்போல இருந்தவங்களுக்கு 3.2, மிதமா செஞ்சவங்களுக்கு 2, கடுமையா செஞ்சவங்களுக்கு 0.3. சின்ன ஆய்வுதான், நோயையே நிறுத்திடும்னு இதை வச்சு யாரும் சொல்ல முடியாது. ஆனா எவ்வளவு மூச்சு வாங்குதுங்கறதுல விஷயம் இருக்குன்னு தெரியுது. அடுத்த வருஷமே நெதர்லாந்துல வீட்டு சைக்கிளை வச்சு 130 பேர்கிட்ட, வாரம் மூணு தடவை 30 முதல் 45 நிமிஷம்னு செஞ்சு பார்த்ததும் இதே திசையிலதான் இருந்தது.

உங்க வீட்டுக்காரருக்கு இலக்கு: வாரம் மூணு நாள், முதல் அஞ்சு பத்து நிமிஷம் மெதுவா, அப்புறம் 30 நிமிஷம் கடுமையா, கடைசி அஞ்சு நிமிஷம் குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்தணும். 220-லேருந்து வயசைக் கழிச்சா 166. அதுல 80 சதவீதம் 133, 85 சதவீதம் 141. எடுத்த எடுப்புல அங்க போகக் கூடாது. முதல் மாசம் 100, 108 போதும், அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. பிபி இருக்கிறவர், வயசும் 50 தாண்டிடுச்சு, அதனால கடுமையான கட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி இதய டாக்டர்கிட்ட காட்டி டிஎம்டி (டிரெட்மில்ல நடக்க வச்சு எடுக்கிற ஈசிஜி சோதனை) எடுத்துடுங்க.

நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீங்க. இந்த நோய்ல இதயத்துடிப்பையும் பிபியையும் தானா கட்டுப்படுத்துற தன்னியக்க நரம்புகளும் பாதிக்கப்படறதால சில பேருக்கு எவ்வளவு ஓடினாலும் துடிப்பு ஏறாது. கையில கட்டுற வாட்ச் வேற நடுங்குற கையில கண்டபடி எண் காட்டும், நடுங்காத கையில கட்டச் சொல்லுங்க. இதைவிட நம்பகமானது பேச்சுச் சோதனை. நாலஞ்சு வார்த்தை பேசினதும் மூச்சு எடுக்கணும், ஆனா பேசவே முடியாமப் போகக் கூடாது. டவர் பார்க்ல அரசியல் பேச முடியுதுன்னா வேகம் பத்தலைன்னு வச்சுக்கோங்க.

டிரெட்மில்லா சைக்கிளான்னு கேட்டா, வாசல்ல கால் ஒட்டுதுன்னு நீங்க சொன்னதை வச்சு இப்போதைக்கு நின்ன இடத்துல ஓட்டுற சைக்கிள்தான் சொல்லுவேன். டிரெட்மில் ஓடிக்கிட்டிருக்கும்போது கால் நின்னா பின்னால வீசிடும். எப்படியும் டிரெட்மில்தான்னா, பக்கத்துல ஆள் இருக்கணும், சிவப்புக் கயிறோட இருக்கிற பாதுகாப்புக் கிளிப்பைச் சட்டையில மாட்டியே ஆகணும். முக்கால்வாசி அபார்ட்மென்ட் ஜிம்ல அந்தக் கிளிப் தொலைஞ்சே போயிருக்கும், முதல்ல அதைப் பாருங்க. சைக்கிள்ல சீட்டு உயரம் முக்கியம்: பெடல் அடியில இருக்கும்போது முட்டி லேசா மடங்கியிருக்கணும். சீட்டு தாழ்வா இருந்தா ரெண்டே வாரத்துல முட்டிவலின்னு நிறுத்திடுவாங்க. நடக்க முடியாம நிக்கிறவங்க பல பேர் சைக்கிளை ஜோரா ஓட்டுவாங்க. அதைப் பார்த்துட்டு ரோட்டுல ஓட்ட அனுப்பிடாதீங்க, ஏறுறதும் இறங்குறதும்தான் ஆபத்து.

வெயிட் விடக் கூடாது. தூக்கும்போது நடுக்கம் கூடுறது பளுவாலயும் பதட்டத்தாலயும் வர்றது, கொஞ்ச நேரத்துல அடங்கிடும், நோய் முத்துறதா அர்த்தம் இல்ல. நடுங்குற கையில டம்பெல் பிடிக்கிறதுதான் பிரச்னை. அதுக்குப் பதிலா எலாஸ்டிக் பேண்டை ஜன்னல் கிரில்ல கட்டி இழுக்கச் சொல்லுங்க. பேண்ட் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 12 தடவை இழுத்தா கடைசி ரெண்டு கஷ்டமா இருக்கணும், அதுதான் சரியான பேண்ட்.

எந்தத் தசைன்னு கேட்டா, முதுகுப்பக்கம், பிட்டம், தொடையின் முன்பக்கம், கெண்டைக்கால். கூன் விழ வைக்கிற நோய்க்கு நெஞ்சையும் கையின் முன்பக்கத்தையும் மட்டும் ஏத்துறது எதிர்வேலை. ஜிம் பையன்கள் சொல்ற பைசெப்ஸ் எல்லாம் அப்புறம். 18 அங்குல உயர நாற்காலியிலேருந்து கையை ஊன்றாம எழுந்து உக்கார்றது 10 தடவை, ரெண்டு சுற்று. பேண்டை வயித்துக்கு நேரா இழுத்து ரெண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால சேர்க்கிறது 12 தடவை. கிச்சன் மேடையைப் பிடிச்சுக் குதிகாலைத் தூக்குறது 15. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குறது 8. வாரம் ரெண்டு அல்லது மூணு நாள், அடுத்தடுத்த நாள்ல வேணாம். சத்தமா எண்ணச் சொல்லுங்க. மூச்சை அடக்க முடியாது, குரலுக்கும் அது பயிற்சி.

அந்தத் தோள்பட்டையைத் தனியாக் காட்டுங்க. பார்க்கின்சன்ல பாதிச்ச பக்கம் தோள் உறைஞ்சுபோறது சகஜம். கையைப் பக்கவாட்டுல காதுவரைக்கும் கொண்டுபோக முடியலைன்னா, பேண்ட் பயிற்சிக்கு முன்னாடி அதைச் சரிபண்ணணும்.

மாத்திரை_டப்பா

பயிற்சியை பிசியோ சார் சொல்லிட்டார். நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பாதிப் பிரச்னை நேரத்தில்தான் இருக்கிறது.

முந்தின ராத்திரி 8 மணிக்குப் போட்ட மாத்திரை காலை 5.30-க்கு ரத்தத்தில் கிட்டத்தட்ட இருக்காது. சின்டோபாவில் இருக்கும் முக்கிய மருந்து லெவோடோபா. அதன் பாதி ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஒன்றரை மணி நேரம்தான். ஆக, ஒரு நாளில் உடம்பு மிக இறுக்கமாக இருக்கும் நேரத்தில் இவர் நடக்கிறார். சமையல்கட்டு வாசலில் கால் நிற்பதும் அதே நேரத்தில்தான். விடிகாலையில் கால் விரல் சுருட்டிக்கொள்வது, கெண்டைக்கால் இழுப்பது எல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் மாத்திரையை எழுந்தவுடன், அதாவது 5.30 வாக்கில் நடைக்குக் கிளம்பும் முன்பே, வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடலாமா, மற்ற வேளைகளை எப்படி நகர்த்துவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படி மாற்றினால் பயிற்சியை 6.15, 6.30 வாக்கில் வையுங்கள்.

சாப்பாட்டோடு போடுவதுதான் இரண்டாவது விஷயம். லெவோடோபாவும் சாப்பாட்டிலுள்ள புரதமும் குடலில் ஒரே வாசலில்தான் உள்ளே போகின்றன, மூளைக்குள் போகும் வாசலும் ஒன்றுதான். சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்பது பொது விதி. இட்லியில் உளுந்து இருக்கிறது, பொங்கலில் பருப்போடு நெய்யும் சேர்ந்து வயிறு காலியாவதே தாமதமாகும், வடையைச் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். மாத்திரை போட்டும் பத்து மணிவரை கை வரவில்லை என்பார்கள், காரணம் தட்டில் இருக்கும். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு ரஸ்க், ஒரு வாழைப்பழம் போதும். சின்ன டம்ளர் காபி பெரிய தப்பில்லை, பெரிய தம்ளரில் பாலும் சத்துமாவும்தான் இடிக்கும். இதற்காகப் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள், வலுப்பயிற்சி செய்கிறவருக்குப் புரதம் வேண்டும். நேரத்தைத் தள்ளினாலே போதும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதையும் தள்ளிப் போட வேண்டும், இரண்டும் ஒட்டிக்கொண்டு லெவோடோபா உள்ளே போவது குறையும்.

அவரைப் படுக்க வைத்து பிபி பாருங்கள். ஐந்து நிமிடம் படுத்தபின் ஒரு அளவு, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் நியூராலஜிஸ்ட், பிபி டாக்டர் இருவருக்கும் அந்த எண்களைக் காட்டுங்கள். பார்க்கின்சனும் பிபியை இறக்கும், அதன் மாத்திரையும் இறக்கும், மேலே பிபி மாத்திரை வேறு. புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசினும் இதே வேலையைச் செய்யும். தலைசுற்றல்தான் அடையாளம் என்று இருந்துவிடக் கூடாது. நிற்கும்போது பிடரியும் இரண்டு தோளும் கனத்து வலிப்பதும், உட்கார்ந்ததும் சரியாவதும் இதனால் இருக்கலாம். சைக்கிளை விட்டு இறங்கிய முதல் ஐந்து நிமிடம்தான் விழும் நேரம், பிசியோ சார் சொன்ன அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

பாசிடேன் போடுகிறவர்களுக்குச் சென்னை வெயில் தனிப் பிரச்னை. அது வியர்வையைக் குறைக்கும். இங்கே காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வருகிற வியர்வையும் காயாது. அக்னி நட்சத்திரத்தில் 8 மணிக்கு மேல் வெளியே கடுமையான பயிற்சி வேண்டவே வேண்டாம், மின்விசிறிக்கு அடியில் சைக்கிள் போதும். உடம்பு கொதிக்கிறது, ஆனால் வியர்வை இல்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு ஈரத்துணி, தண்ணீர், காற்று. குழப்பமாகப் பேசினால் ஆஸ்பத்திரிதான். 54 வயதில் அந்த மாத்திரை இன்னும் தேவையா என்றும் அடுத்த முறை கேளுங்கள். மறதி, மலச்சிக்கல் இரண்டையும் அது கூட்டும். நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, சின்டோபாவை அறவே கூடாது. திடீர் நிறுத்தம் கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம்.

யோகா_மயிலை

இவ்வளவு மூச்சு வாங்க வைக்கணுமா? யோகாவும் பிராணாயாமமும் செய்தாலே போதும் என்று நினைக்கிறேன். கூடவே பூனைக்காலி விதைப் பொடி. சித்த வைத்தியத்தில் நெடுங்காலமாக இருக்கிற மருந்து.

மாத்திரை_டப்பா

பூனைக்காலியில் இருப்பது லெவோடோபாவேதான். அதனால்தான் வேலை செய்கிறது, அதனால்தான் சின்டோபாவோடு சேர்க்கவும் கூடாது. கடைப் பொடியில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு லெவோடோபா என்று டப்பாவில் இருக்காது, சின்டோபாவில் குமட்டலைக் குறைக்கச் சேர்த்திருக்கும் கார்பிடோபாவும் இல்லாததால் குமட்டல் அதிகம். மேலே சேர்த்துப் போட்டால் கை கால் தானாக நெளிவது, பிபி இறங்குவது, ராத்திரி இல்லாத உருவம் தெரிவது எல்லாம் வரலாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிசியோ_முகப்பேர்

யோகாவுக்கு நான் எதிரி இல்ல சார். புஜங்காசனம், சுவர்ல முதுகை ஒட்டி நின்னு கையை மேல கொண்டுபோறது, இடுப்பைத் திருப்புற ஆசனங்கள் எல்லாம் கூனுக்கும் இறுக்கத்துக்கும் ரொம்ப நல்லது, தினமே செய்யலாம். ஆனா அதுல இதயத்துக்கு வேலை கிடைக்காது. மூச்சு வாங்குறது, வலு, சமநிலை, நீட்டல்னு நாலும் தனித்தனி, ஒண்ணு இன்னொண்ணுக்கு ஈடாகாது. விருட்சாசனம்னா மூலையில நின்னு, எதிர்ல ஒரு நாற்காலி வச்சுக்கிட்டு. தலைகீழ் ஆசனமும், குனிஞ்சு சட்டுனு நிமிர்றதும் பிபி இறங்குறவங்களுக்கு வேணாம்.

சமநிலைக்குத் தாய்ச்சிக்கு (மெதுவா அசைஞ்சு செய்யற சீனப் பயிற்சி) நல்ல ஆதாரம் இருக்கு. 2012-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்ல வந்தது: 195 பேர், வாரம் ரெண்டு தடவை ஒரு மணி நேரம், 24 வாரம். விழுறது குறைஞ்சுது. பக்கத்துல சொல்லித்தர ஆள் இல்லைன்னா கிச்சன் மேடையை ஒட்டி நின்னு முன்னால, பக்கவாட்டுல, பின்னாலன்னு ஒவ்வொரு காலா பெரிய எட்டு வச்சுத் திரும்பி வர்றது, ஒவ்வொரு திசைக்கும் 10. பின்னால எட்டு வைக்கிறதை விட்டுடாதீங்க. பார்க்கின்சன்காரங்க பின்னால சாயும்போது எட்டு வைக்கத் தெரியாமத்தான் விழுறாங்க, ஃபிரிட்ஜ் கதவை இழுக்கும்போது விழுறதெல்லாம் அதுதான்.

தெரபி_தரமணி

மேடம், அந்தச் சமையல்கட்டு வாசல் விஷயத்துக்கு நான் சொல்றேன். ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குற சிகிச்சை, என் துறை.

கால் நிக்கிறதுக்குப் பேர் பெற்ற இடங்கள் வாசல், குறுகலான வழி, திரும்புற இடம், நாற்காலிக்கிட்ட போய் உக்காரப்போற நேரம். சமையல்கட்டு வாசல்ல முதல் மூணும் சேர்ந்து இருக்கும். கூடவே கால்மிதி, கையில டம்ளர், பின்னாலேருந்து ஒரு குரல்: "சீக்கிரம் வாங்க, ஆபீஸுக்கு நேரமாச்சு". அவசரப்படுத்தினா கால் இன்னும் ஒட்டும். கையைப் பிடிச்சு இழுத்தா உடம்பு முன்னால போகும், கால் அங்கேயே இருக்கும்.

நின்னவுடனே அவர் செய்ய வேண்டியது: முன்னால போக முயற்சி பண்றதை முதல்ல நிறுத்தணும். குதிகால் தரையில பதியணும், நிமிரணும், ஒரு மூச்சு. அப்புறம் எடையை மெதுவா இடது காலுக்கு, வலது காலுக்குன்னு ரெண்டு தடவை மாத்தணும். கடைசியா ஒரு கால்ல எடையை வச்சுக்கிட்டு இன்னொரு முட்டியை மேல தூக்கி, வாசலுக்கு அந்தப் பக்கம் குதிகாலை வைக்கணும். முதல் எட்டு பெருசா வந்துட்டா மீதி வந்துடும். நீங்க உதவணும்னா உங்க பாதத்தை அவர் காலுக்கு முன்னால குறுக்கா வையுங்க, அதைத் தாண்டச் சொல்லுங்க. தானா வராத நடை, தாண்ட ஒரு பொருள் கண்ணுல பட்டா வந்துடும்.

அதையே தரையில நிரந்தரமாப் போடலாம். மாத்திரை நல்லா வேலை செய்யற நேரத்துல அவரைக் கூடத்துல 10 எட்டு நடக்கச் சொல்லி, தூரத்தை டேப்பால அளந்து பத்தால வகுங்க. 48, 50 சென்டிமீட்டர்னு ஒரு எண் வரும். அந்த இடைவெளியில, நடக்கிற திசைக்குக் குறுக்கா, தரைக்கு எதிர் நிறத்துல ரெண்டு அங்குல ஒட்டுநாடா: வாசலுக்கு முன்னால மூணு, நிலைப்படி மேல ஒண்ணு, தாண்டி ரெண்டு. டைல்ஸ் கோடே போதுமேன்னு சில பேர் நினைப்பாங்க. இப்போ போடுற ரெண்டடி டைல்ஸ்ல கோடு 60 சென்டிமீட்டருக்கு ஒண்ணு வரும், இவருக்கு அது நீளம். கோடும் தரை நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குப் படாது. ஒட்டுநாடா ஓரம் தூக்கினா உடனே மாத்திடுங்க, அதுவே தடுக்கிவிடும். கால்மிதியை எடுத்துடுங்க, பாத்ரூம் வாசல்லயும்.

தாளமும் உதவும். நல்லா இருக்கிற நேரத்துல ஒரு நிமிஷத்துக்கு எத்தனை எட்டுன்னு எண்ணி, அதே எண்ணுக்கு மெட்ரோனோம் (சீரா தாளம் தட்டுற) ஆப்பை வையுங்க. கால் நிக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு அதைவிட வேகமா வச்சா மோசமாகலாம், எட்டு சின்னதாகி ஓட்டமும் நடையுமா முன்னால சாய்வாங்க. ஆப் பிடிக்கலைன்னா அதே வேகத்துல ஒரு சினிமாப் பாட்டு. நடைக்குக் குத்துப்பாட்டு மாதிரி எதுவும் வராது, ஆனா வேகத்தை எண்ணிப் பார்த்துட்டுப் போடுங்க.

திரும்பும்போது ஒரே இடத்துல காலைச் சுழட்டக் கூடாது, அரைவட்டமா நடந்து திரும்பணும். இடமில்லைன்னா ஒரு கடிகாரத்து நடுவுல நிக்கிற மாதிரி நினைச்சு, 12, 3, 6-ன்னு மூணு எட்டுல திரும்பணும்.

மாத்திரை வேலை செய்யற நேரத்திலயும் கால் நிக்குது, இல்ல அடிக்கடி விழுறார்னா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. மூணு வருஷத்துக்குள்ள திரும்பத் திரும்ப விழுறது பார்க்கின்சன்ல வழக்கம் இல்ல, வேற நோயான்னு டாக்டர் பார்க்கணும்.

அமைந்தகரை_வாசி

ரொம்ப நன்றி. விழறது இல்ல. கால் நிக்கிறதும் காலையில மட்டும்தான். இன்னொண்ணு கேக்கணும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தா சோபாவுல உக்காந்தவர் எழறதே இல்ல. சைக்கிள் வாங்கிப் போட்டாலும் துணி காயப்போடத்தான் ஆகும்னு பயமா இருக்கு. சொன்னா கோவம் வருது.

தெரபி_தரமணி

அக்கா, அதைச் சோம்பேறித்தனம்னு எடுத்துக்காதீங்க. ஒரு வேலையை ஆரம்பிக்க வைக்கிற உந்துதலுக்கே டோபமின்ங்கற மூளை ரசாயனம் வேணும், இந்த நோய்ல அது குறையுது. மனச்சோர்வும் இந்த நோயோடவே வர்றது. நோயாளிகளோட வாழ்க்கைத் தரத்தை அளந்து பார்த்தா, நடுக்கத்தைவிட மனச்சோர்வுதான் அதிகமாக் கெடுக்குது. அழுகை இருக்காது, "எதுக்கு"ன்னு ஒரு வார்த்தைதான் இருக்கும். டாக்டர்கிட்ட தனியாச் சொல்லுங்க, மருந்து இருக்கு.

பயிற்சிக்கு வழி, முடிவெடுக்க இடமே கொடுக்காம இருக்கிறது. "பண்ணலாமா"ன்னு கேக்காதீங்க. கிழமை, நேரம், இடம் மூணையும் எழுதி ஒட்டுங்க. அந்த டவர் பார்க் நண்பர்களையே பிடிங்க: வாரத்துல மூணு நாள், பேச்சுக்கு முன்னால வேக நடை, ரெண்டு நிமிஷம் வேகம், ஒரு நிமிஷம் மெதுவா, பத்து தடவை. அவரால வராது, கூட்டத்தால வரும். நின்ன இடத்து சைக்கிளைக் கூடத்துல டிவிக்கு எதிர்ல வையுங்க, பால்கனியில வச்சா நிச்சயம் துணிதான்.

ஆபீஸ் பக்கமும் பாருங்க. பேங்க் கையெழுத்து ஒத்துப்போகலைன்னு செக் திரும்புறதுக்கு முன்னாடி புதுக் கையெழுத்தைப் பதிஞ்சுடுங்க. கோடு போட்ட நோட்டுல ரெண்டு கோடு உயரத்துக்கு எழுதிப் பழகினா எழுத்து கொஞ்சம் தேறும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகைகள்ல பார்க்கின்சனும் ஒண்ணு. வேலையில இருக்கும்போது இப்படி ஆனா அரசு நிறுவனம் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாதுன்னு அதோட 20-ஆவது பிரிவு சொல்லுது. செய்யற வேலை ஒத்துவரலைன்னா அதே சம்பளத்துல வேற வேலைக்கு மாத்தலாம். இப்பவே சான்றிதழுக்கு ஓட வேணாம், ஆனா பயந்து விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துடாதீங்க.

மாத்திரை_டப்பா

சின்டோபாவோடு பிரமிபெக்சோல் போன்ற, டோபமினைப் போல வேலை செய்யும் மாத்திரை பிற்பாடு சேர்ந்தால் இரண்டைக் கவனியுங்கள். வண்டி ஓட்டும்போது சொல்லாமல் கொள்ளாமல் தூக்கம் வரலாம். ஆன்லைன் ரம்மி, கண்டபடி பொருள் வாங்குவது, ராத்திரி முழுக்கத் தின்பது என்று கட்டுப்படாத பழக்கம் கிளம்பலாம். மருந்தின் வேலை அது, குணம் கெட்டுவிட்டது என்று சண்டை போடாமல் டாக்டரிடம் போங்கள்.

புள்ளிவிவர_அண்ணன்

கொழுந்தனார் கேள்வியை எல்லாரும் மறந்துட்டீங்க.

நடுவயசுல நல்லா உடற்பயிற்சி செய்யறவங்களுக்குப் பின்னாடி பார்க்கின்சன் குறைவா வருதுன்னு பல நாட்டு ஆய்வுகள் காட்டுது. 2023-ல நியூராலஜி இதழ்ல வந்த பிரெஞ்சு ஆய்வுல சுமார் 95,000 பெண்கள், ஆரம்பத்துல சராசரி வயசு 49. அதிகமா உழைச்ச கால்வாசிப் பேருக்கு, குறைவா உழைச்ச கால்வாசிப் பேரைவிட நோய் 25 சதவீதம் குறைவு. நடை, மாடிப்படி, வீட்டு வேலை, தோட்ட வேலை எல்லாத்தையும் அவங்க கணக்குல எடுத்தாங்க.

இதுல ஒரு சிக்கல் உண்டு. நோய் தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே உடம்பு மந்தமாக ஆரம்பிச்சுடும், அதனால உழைப்பு குறைஞ்சதால நோயா, நோயால உழைப்பு குறைஞ்சுதான்னு பிரிக்கிறது கஷ்டம். அந்த ஆய்வுல கண்டுபிடிப்புக்குப் பல வருஷம் முந்தின உழைப்பை மட்டும் எடுத்துப் பார்த்தும் வித்தியாசம் நின்னுது, அதனால ஓரளவு நம்பலாம். ஆனாலும் "தடுக்கும்"னு சொல்ல முடியாது, வாய்ப்பு குறையலாம்னுதான் சொல்லலாம். அண்ணனுக்கு வந்ததால தம்பிக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனா பெரும்பாலும் வராது. 46 வயசுல வாரம் 150 நிமிஷம் மூச்சு வாங்க ஏதாவது செய்யச் சொல்லுங்க, சுகருக்கும் இதயத்துக்கும் லாபம் நிச்சயம். தூக்கத்துல கனவோட சேர்ந்து உதைக்கிறது, கத்துறது, வாசனை தெரியாமப் போறது இருந்தா மட்டும் நியூராலஜிஸ்ட்கிட்ட ஒரு தடவை காட்டட்டும். வெறும் மலச்சிக்கலை வச்சுப் பயப்பட வேணாம், அது ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு.

அமைந்தகரை_வாசி

எல்லாருக்கும் நன்றி. பிபி மாத்திரை அட்டையை இப்பதான் பார்த்தேன், மெட்டோப்ரோலால் 25-ன்னு இருக்கு. பிசியோ சார் சொன்ன 133, 141 கணக்கு இதுக்கும் சரியா?

பிசியோ_முகப்பேர்

சரிவராது மேடம், நல்லவேளை பார்த்தீங்க. மெட்டோப்ரோலால் இதயத்துடிப்பை ஏறவிடாது. 133 வரணும்னு அவர் முக்கினா அளவுக்கு மீறிப் போயிடுவார். அந்த எண்ணை மறந்துட்டு பேச்சுச் சோதனையை மட்டும் வச்சுக்கோங்க. இல்லைன்னா பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்க: சும்மா உக்காந்திருக்கிறது 0, இனி ஒரு அடி முடியாதுங்கறது 10. முதல் மாசம் 4, அப்புறம் 6, 7. டிஎம்டிக்குப் போகும்போது அந்த மாத்திரையைக் காலையில போடணுமா வேணாமான்னு எழுதிக் கொடுத்த டாக்டரையே முன்னாடியே கேட்டுடுங்க, லேப்ல இருக்கிறவர் சொல்றதை வச்சு நிறுத்தாதீங்க. சின்டோபாவை அன்னைக்கும் வழக்கமான நேரத்துக்குப் போட்டுட்டு, அது நல்லா வேலை செய்யற நேரத்துல அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. இல்லைன்னா கால் இறுக்கத்தாலயே ரெண்டு நிமிஷத்துல நிறுத்திடுவார், இதயத்தைப் பற்றி ரிப்போர்ட்ல ஒண்ணும் தெரியாது.